வடிச்ச தண்ணி

குழந்தையம்மாளின் அடுப்படியில் வீண் என்று ஒரு பொருள் கிடையாது. பீர்க்கங்காயைச் சீவினால் தோல் துவையலுக்குப் போகும். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்குப் போகும். அரிசி கழுவிய முதல் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, இரண்டாம் தண்ணீர் புளி ஊறப்போட. தர்பூசணித் தோலின் வெள்ளைப் பகுதியைக்கூட ஒருமுறை கூட்டு வைத்தாள். சாப்பிட்ட உறவுக்காரர்கள் சுரைக்காய் என்று நம்பி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற தெரு அது. சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டரிடம் திட்டு வாங்கி வருகிற பெண்கள் அவள் வீட்டு வாசலைத்தான் முதலில் மிதிப்பார்கள். ராகிக் களிக்கு எத்தனை தண்ணிக்கு எத்தனை மாவு, கொள்ளுக்கு எத்தனை விசில், கம்மஞ்சோறு ஏன் கட்டி தட்டுகிறது என்று கேட்டுப் போவார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், முப்பத்தாறு வருஷம் அடுப்பில் நின்று சம்பாதித்த பெருமைதான்.

அதனால் ஆனி மாதக் கடைசியில், அவள் புருஷன் நஞ்சுண்டனுக்கு இரண்டு கிட்னியும் கால்வாசிக்கும் கீழேதான் வேலை செய்கின்றன என்று மேட்டுப்பாளையம் ரோட்டு ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவளுக்கு பயத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது.

"கடைத்தீனி கையில தொடமாட்டாருங்க டாக்டர். பீடி சிகரெட்டு இல்லீங்க. கொள்ளும் கீரையுமாத்தான் போட்டு வளத்தியிருக்கறேன். எங்கூட்டுச் சோத்துக்கு இது எப்படீங்க வரும்?"

"சோறு காரணமில்லம்மா. பிரஷர். பத்து வருஷமா இருந்திருக்கு, யாரும் பாக்கல" என்றார் டாக்டர். "இப்ப ரத்தத்துல பொட்டாசியம் அஞ்சு புள்ளி எட்டு நிக்குது. அது அஞ்சுக்குக் கிட்ட எறங்கி வந்தா, டயாலிசிஸ் இல்லாம ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூடத் தள்ளலாம். எறங்கலைன்னா தள்ள முடியாது. ரொம்ப ஏறிச்சுன்னா நெஞ்சே நின்னுரும். என் மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க அடுப்படியில இருக்கு."

நஞ்சுண்டன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு லேத் போட்டு, மோட்டார் பம்புக்கு புஷ் வளையம் கடைந்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறார். மிஷினில் இப்போது நிற்பது வேலைக்கு இருக்கிற நிஜாம்தான். நஞ்சுண்டன் ஸ்டூலில் உட்கார்ந்து கடைந்த உருப்படிகளை அளந்து பார்ப்பார். நாளெல்லாம் அளந்து பார்க்கிற மனுஷன் என்பதாலோ என்னவோ, பேச்சும் அளவாகத்தான் வரும். அன்றும் அப்படித்தான். "அப்ப வாரனுங்க" என்று டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

குழந்தையம்மாளுக்கு டாக்டர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் மனசில் நின்றது. மீதி அடுப்படியில் இருக்கிறது. அப்படியானால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எண்ணிக்கொண்டாள்.

பத்தியம் சொல்ல அதே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். ஆஷ்லி என்று பெயர், மார்த்தாண்டத்துக்காரி, இருபத்தாறு வயது இருக்கும். மேஜைமேல் அச்சடித்த தாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சிவப்புப் பேனாவில் அடித்தாள். முருங்கைக்கீரை அடிபட்டது. எல்லாக் கீரையும் அடிபட்டது. ராகி, கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு, இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தேங்காய், கருப்பட்டி என்று கோடு இறங்கிக்கொண்டே வந்தது. தெருவுக்கெல்லாம் குழந்தையம்மாள் சிபாரிசு செய்கிற சாமான் ஒன்று பாக்கியில்லை.

"அப்ப எதைத்தான் கண்ணு போடறது?"

"நல்லா தீட்டின வெள்ளை அரிசிச் சோறு போடுங்கம்மா. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முட்டைக்கோஸ். துவரம்பருப்பு கொஞ்சமா."

"வெள்ளையரிசி ஆகாதுன்னு ஊரே சொல்லுதே?"

"ஊருக்கு ஆகாது. சாருக்கு அதுதான் நல்லது."

குழந்தையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயும் அப்படியே சமைக்கக்கூடாதும்மா" என்றாள் ஆஷ்லி. "பொடியா நறுக்கி, சுடுதண்ணில ரெண்டு மணி நேரம் ஊறப்போடுங்க. அந்தத் தண்ணிய ஊத்திடுங்க. அப்புறம் நெறைய தண்ணி வச்சு வேகவச்சு, வடிச்சிடுங்க. பருப்பும் அப்படித்தான், வேகவச்சு வடிச்சிடுங்க."

"வடிச்சறோணும்."

"ஆமா. கண்டிப்பா வடிக்கணும். மறந்துறாதீங்க."

"மறப்பனுங்களா" என்று சொல்லித் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. இதை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை, இப்போதே சொல்லிவிடலாம். ஆஷ்லிக்கு வடிப்பது என்றால் தண்ணீரைக் கீழே விட்டுவிடுவது. குழந்தையம்மாள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் வடிப்பது வேறு, கொட்டுவது வேறு. சோற்றை வடித்தால் கஞ்சி கிடைக்கும். கொள்ளை வேகவைத்து வடித்தால் பருப்பைக் கடைந்துகொள்ளலாம், தண்ணியில் ரசம் வைத்துக்கொள்ளலாம். தட்டைப்பயறும் பச்சைப்பயறும் அப்படியே. வடிப்பது என்று சொன்னாலே அடியில் போசிப் பாத்திரம் ஒன்று ஏந்திக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதுவும் உடம்புக்கு முடியாதவர்களுக்குச் சக்கையைக் குறைத்துச் சாறைக் கொடுப்பது அவளுக்குத் தெரிந்த முறை. காயையும் சாறையும் பிரித்துத் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். யோசித்துப் பார்த்தால் அது சரியான ஏற்பாடாகவே தோன்றியது. சரிதானா என்று கேட்டுக்கொள்ள வேறு யாரும் இல்லை.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேற்கே மலை முழுதும் மேகத்துக்குள் போய்விட்டது. காலையில் கொஞ்சம் சாரல், மத்தியானம் வெளிச்சமில்லாத வெயில், மறுபடியும் சாரல் என்று நாட்கள் போயின. குழந்தையம்மாள் விடிந்ததும் சுரைக்காயோ பீர்க்கங்காயோ எடுத்து, விரல்நகத்தில் பாதி அளவுக்கு அரிவாள்மணையில் அரிந்து சுடுதண்ணியில் போட்டாள். ஊறிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். நாலு சொம்புத் தண்ணீரில் வேகவைத்தாள். போசிமேல் ஓட்டை போட்ட அரிதட்டை வைத்து வடித்தாள். காயை ஒரு சொட்டு எண்ணெயில் கடுகும் சின்ன வெங்காயமும் போட்டுத் தாளித்தாள். வடித்த தண்ணியில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, தக்காளி கூடாது என்றதால் அரைமூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, நுரை கட்டியதும் இறக்கினாள். முன்னெல்லாம் காலை வேலை பத்து மணிக்கு முடியும். இப்போது பன்னிரண்டு தாண்டியது. இடுப்பு கடுத்தது. ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, மனுஷனைத் தன் கையால் தூக்கி நிறுத்தப் போகிற திருப்தி.

காய்க்கு ருசி கிடையாது, வெந்த துணியைத் தின்கிற மாதிரிதான் இருந்திருக்கும். நஞ்சுண்டன் முகம் சுளிக்காமல் தின்றார். ரசம் மட்டும் நன்றாக இருந்தது. அதைச் சோற்றில் நிறைய ஊற்றிப் பிசைந்தார். காப்பியை நிறுத்தியதால் சாயங்காலமும் ஒரு டம்ளர் சூடாகக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இது ஒண்ணுதான் அம்மணி வாய்க்கு வெளங்குது."

"குடீங்க. உங்களுக்குன்னுதான வெக்கறது."

இரண்டு வாரம் கழித்துச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, தண்ணியில் கலந்து குடிக்க ஒரு பொடி எழுதினார். "பத்தியம் சரியாப் போகலையே" என்று மட்டும் சொன்னார். ஆஷ்லி அன்று லீவு.

பெருந்துறையில் வேலையில் இருக்கிற மகன் தீபக் போனில் கேட்டுவிட்டுச் சொன்னான். "நீங்க ஆக்கறதுல ஒண்ணும் இருக்காதும்மா. அப்பா வெளிய எங்கியோ எதையோ தின்னுபோட்டு வாராரு. நிஜாமண்ணங்கிட்டக் கேட்டுப் பாருங்க."

நிஜாமிடம் கேட்டாள். அவன் மிஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அண்ணன் எங்கியும் போறதில்லீங்கக்கா. நாலு மணிக்கு ரோட்டு மொனை வரைக்கும் நடந்துபோட்டு வருவாரு. அவ்வளவுதானுங்க" என்றான்.

ரோட்டு முனையில் பொங்கியண்ணனின் இளநீர்க் கடை இருந்தது. பக்கத்திலேயே வாழைத்தார்களும் தொங்கும். குழந்தையம்மாள் சேலைத் தலைப்பைச் சாரலுக்குத் தலைமேல் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

"ஏனுங்க பொங்கியண்ணா, சித்தெ இப்படி வாங்க."

"வாங்கக்கா. இளநி வெட்டட்டுங்களா?"

"இளநியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்கூட்டுக்காரரு இங்க வாராருங்களா?"

"வருவாருங்க. உக்காந்து சித்த நேரம் பேசிப்போட்டுப் போவாரு. மேட்டுப்பாளையத்துல மழையான்னு கேப்பாரு. பஸ்ஸெல்லாம் நனைஞ்சு வருது, மழையாத்தான் இருக்குமுங்கன்னு சொல்லுவேன்."

"பேசிப்போட்டு இளநி குடிக்கறாரு."

"இல்லீங்கக்கா. ஆனி மாசத்துலயே சொல்லிப்போட்டாருங்களே. இனி எனக்கு வெட்டாத பொங்கியண்ணா, டாக்டரு வேண்டாம்னுட்டாருன்னு. நாந்தான் ரண்டு தடவ வெட்டி நீட்டிப் பாத்தனுங்க. கையெடுத்துக் கும்புட்டுப்போட்டாரு."

"வேண்டாம்னு சொன்னவருக்கு எதுக்குங்க நீட்டுனீங்க?"

"ஒரு மருவாதிக்குங்க. வந்து உக்காந்தவருக்கு ஒண்ணுங் குடுக்காம எப்படீங்க உடறது?"

"இனிமே மருவாதிக்குக்கூட நீட்டாதீங்க. பழமுங் குடுக்காதீங்க. அவரே கேட்டாலும் குடுக்காதீங்க."

"சரிங்கக்கா. நான் எதுக்குங்க குடுக்கறேன்." பொங்கியண்ணன் அரிவாளைக் கையில் எடுத்தான். "உங்களுக்கொண்ணு வெட்டட்டுங்களா? மழைல வந்திருக்கறீங்க."

கோபமாகத்தான் வந்திருந்தாள். இருந்தாலும் ஊர் வழக்கப்படி மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னாள். நாலாம் தடவை வாங்கிக் குடித்தாள். குடித்த இளநீர் வயிற்றில் இருக்க, இவ்வளவு நன்றாக உபசரிக்கிறவன் அவருக்கு மட்டும் கொடுக்காமலா விட்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அன்று மத்தியானம் நஞ்சுண்டன் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டு, காய் வைத்து, ரசம் ஊற்றினாள். அவர் பிசைகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லோணும்."

"கேளு."

"வெளிய என்னத்தத் தின்னீங்க?"

"ஒண்ணுந் தின்னலியே."

"தின்னாம எப்படீங்க ஏறும்? நான் உப்ப நிறுத்திப்போட்டேன். தேங்காய நிறுத்திப்போட்டேன். ஒரு காயிக்கு நாலு மணி நேரம் நிக்கறேன். பொடியுங் குடிக்கறீங்க. அப்பறம் எங்கிருந்துங்க ஏறுது? ஆகாசத்துல இருந்து எறங்குதா?"

"எனக்கென்ன தெரியும் அம்மணி."

"தீபக்குந்தான் சொல்றான். ஊருப்பட்ட பேரு சொல்றாங்க." ஊரில் யாரும் சொல்லவில்லை. "சோத்துல கையி இருக்குது. சோத்துல கைய வெச்சுட்டுப் பொய் சொல்லாதீங்க. தின்னீங்களா இல்லியா?"

அவர் வட்டிலைப் பார்த்தார்.  வெளியே காற்றில் ஷெட் கதவு அடித்துக்கொண்டது. பிறகு, பருக்கையை ஒதுக்குவதுபோல விரலை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"தின்னேன்."

"என்னதுங்க?"

"பழம். நேந்திரம்பழம்."

"எத்தனை?"

"ரண்டு மூணு தடவ இருக்கும்."

"எங்க?"

"பஸ் ஸ்டாப்புக்கிட்ட."

நேந்திரம்பழம் என்றால் தொண்டையை அடைக்கிறது என்று ஒதுக்குகிற மனுஷன் அவர். கல்யாணம் ஆன நாள்முதல் ஒரு பழம் முழுதாகத் தின்று அவள் பார்த்ததில்லை. கோபத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை. சொல்லிவிட்டாரே என்கிற வெற்றியில், ஆறு புள்ளி ஒன்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டதே என்கிற நிம்மதியில், அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் இங்கே இடுப்பொடிந்து சாகிறேன், நீங்கள் பஸ் ஸ்டாப்பில் பழம் தின்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நஞ்சுண்டன் சோற்றைத் தின்று முடித்தார்.

அடுத்த வாரம் ஆஷ்லியிடம் போனார்கள். அவள் ஒரு படிவத்தை எடுத்து, வெளியில் சாப்பிட்டது, வீட்டில் சமைத்தது என்று இரண்டு பகுதியாக இருந்ததில் முதல் பகுதியில் பேனாவை வைத்தாள்.

"வெளிய ஏதாவது சாப்ட்டீங்களா சார்?"

"தின்னாருங்க கண்ணு" என்றாள் குழந்தையம்மாள். "நேந்திரம்பழம். ஒத்துக்கிட்டாரு."

"அய்யோ சார். பழத்துலயே அதுதான் மோசம்." ஆஷ்லி வாழைப்பழத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். நஞ்சுண்டன் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டிக் கேட்டார். காரணம் தெரிந்துவிட்டபடியால் படிவத்தின் இரண்டாம் பகுதியை அவள் நிரப்பவில்லை.

அதன்பிறகு நஞ்சுண்டன் ரோட்டு முனைக்குப் போவது நின்றது. பட்டறை, வீடு, பட்டறை. அவர் போகிற இடமெல்லாம் குழந்தையம்மாளின் கண்ணும் போனது. பழம் தின்ற கெடுதலைக் கழுவ வேண்டும் என்று ரசத்தை மத்தியானம் ஒரு டம்ளர் கூட்டினாள். சாயங்காலம் இரண்டு டம்ளர் ஆக்கினாள்.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் காலையில் பட்டறையில் ஸ்டூலிலிருந்து எழப்போனவர் எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்தார். காலைத் தூக்கச் சொன்னால் கால் வரவில்லை. "கல்லக் கட்டுன மாதிரி இருக்குது நிஜாமு" என்றார். நிஜாம் அவரை இரண்டு கையிலும் ஏந்தி வாடகைக் காரில் வைத்தான். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்ததும் டாக்டர்கள் ஓட ஆரம்பித்தார்கள். ஏழு புள்ளி இரண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு கழுத்தில் குழாய் வைத்து, அன்றைக்கே டயாலிசிஸ் மிஷினில் போட்டார்கள். நாலு மணி நேரம். குழந்தையம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் மறுபடியும் எங்கே போய் எதைத் தின்றார் என்ற எண்ணமும் நடுநடுவே வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் வார்டுக்கு ஆஷ்லி வந்தாள். நஞ்சுண்டன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கழுத்தில் பிளாஸ்திரி. கால் அசைக்க முடிந்தது.

"சார் மூணு வாரமா வெளியவே போகலைன்னு சொல்றீங்க."

"போகலீங்க கண்ணு. நானே சாட்சி."

"சரிம்மா. அப்ப வீட்டுல என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. முந்தாநாள் காலைல இருந்து, ஒண்ணு விடாம."

குழந்தையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை நாளில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லையே என்றுகூட அவளுக்குக் குறை இருந்தது.

"சொரக்காய்ங்க. தோலச் சீவிப்போட்டு, இதா நகத்துல பாதி, இத்தாச்சோடு அரிஞ்சு, சுடுதண்ணில ரண்டு மணி நேரம் போட்டனுங்க. அந்தத் தண்ணியச் செடிக்கு ஊத்திப்போட்டேன். புதுத்தண்ணி நாலு சொம்பு வெச்சு வேகவெச்சனுங்க. வடிச்சனுங்க."

"ரொம்ப சரிம்மா."

"கடுகு, வரமொளகா ஒண்ணு, சின்ன வெங்காயம் நாலு. தேங்காய் இல்லீங்க. பொறவு பருப்பு. கால் டம்ளருதானுங்க. அதையும் நெறையத் தண்ணில வேகவெச்சு வடிச்சுப்போட்டு, பருப்ப மட்டும் மசிச்சு, பூண்டு போட்டுத் தாளிச்சனுங்க. வெள்ளையரிசிச் சோறு. அதையும் வடிச்சதுதான், குக்கருல வெக்கறதில்லீங்க."

"நூத்துக்கு நூறு. இவ்வளவு கரெக்டா யாருமே செய்யறதில்ல."

"பொறவு ரசம். தக்காளி போடலீங்க, நீங்க வேண்டாம்னீங்களே. மொளகு, சீரகம், ரண்டு பல்லுப் பூண்டு, அரைமூடி எலுமிச்சம்பழம். அந்த ரண்டு தண்ணியவும் ஒண்ணா ஊத்தி நொரை கட்டுனதும் எறக்கிப்போடுவனுங்க. கொதிக்க உட்டா ருசி போயிரும்."

ஆஷ்லியின் பேனா நின்றது. "எந்த ரெண்டு தண்ணிம்மா?"

"வடிச்ச தண்ணிதானுங்க. காய்த்தண்ணி, பருப்புத்தண்ணி."

"அதுலயா ரசம்?"

"ஆமாங்க. சத்து பூராவும் அதுலதானுங்களே எறங்கியிருக்கும்."

"தினமுமா?"

"தினமுமுங்க. சோத்துக்கும் ஊத்திக்குவாரு, சாயந்தரமும் ஒரு டம்ளர் குடிப்பாரு. பழத்தத் தின்னுபோட்டாருன்னு சொன்னதுல இருந்து ரண்டு டம்ளராக் குடுக்கறேன்."

 ஆஷ்லியின் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் குழந்தையம்மாளுக்கு ஏதோ தப்பு என்று தெரிந்தது.

"அம்மா, காய்ல இருக்கிற பொட்டாசியம் வெளிய எறங்கறதுக்குத்தான் தண்ணில வேகவைக்கச் சொல்றது. அது பூரா அந்தத் தண்ணிலதான் இருக்கும். அதைக் கொட்டணும்மா."

"நீங்க வடிக்கோணும்னுதான சொன்னீங்க."

"வடிச்சுக் கொட்டணும்."

"கொட்டோணும்னு சொல்லலீங்களே கண்ணு."

சண்டைக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். ஆஷ்லி கையிலிருந்த தாள்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்தாள். 'வேகவைத்து நீரை வடிக்கவும்' என்றுதான் அச்சில் இருந்தது. "என் தப்பும்மா" என்றாள். அங்கேயே நின்று, கையில் இருந்த அத்தனை தாளிலும் 'கீழே கொட்டவும்' என்று பேனாவால் எழுதினாள்.

டாக்டர் மத்தியானம் வந்தார். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும், நிறுத்த முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். குழந்தையம்மாள் கேட்காமலே, "இது நடக்கலைன்னாலும் ஒரு வருஷத்துல இங்கதான் வந்திருப்போம்மா, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. அவளுக்கு அதில் ஒரு வருஷம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு வருஷம் அவர் ஊசியில்லாமல் குழாயில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து புஷ் அளந்துகொண்டு இருந்திருப்பார். அந்த ஒரு வருஷத்தை மிளகு தட்டிப்போட்டு, நுரை கட்ட வைத்து, தன் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். 

டாக்டர் போனதும் கட்டில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். நஞ்சுண்டன் விழித்துத்தான் இருந்தார். ஆஷ்லி பேசியபோதும் விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நானே ஊத்திக் குடுத்திருக்கறேனுங்க."

"தெரிஞ்சா குடுத்த? உடு."

ஜன்னலுக்கு வெளியே மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று நனைந்துகொண்டு போயிற்று. அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"அப்பறம் பழந் தின்னேன்னு சொன்னீங்களே?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நெசமாலுமே தின்னீங்களா?"

"இல்ல."

"நேந்திரம்பழத்தக் கண்டாலே ஆகாதே உங்களுக்கு. அப்பறம் எதுக்குங்க சொன்னீங்க? சோத்துல கைய வெச்சுட்டு?"

"நீ தின்னாம எப்படி ஏறும்னு கேட்ட. நானும் யோசிச்சுப் பாத்தேன். வெளிய ஒரு வாய் தொடல, அது எனக்குத் தெரியும். அப்ப ஊட்டுச் சோத்துலதான் என்னமோ இருக்கோணும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்கு அது தெரிஞ்சா தாங்கமாட்ட அம்மணி. தெருவுல நாலு பேரு உன்னையக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டறாங்க. நான் பழந் தின்னேன்னு சொன்னாச் சுலுவா முடிஞ்சு போகும்னு பாத்தேன்."

"நெசத்தச் சொல்லியிருந்தா, ஊட்டுல என்ன ஆக்குனேன்னு அந்தப் புள்ள அன்னைக்கே கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும். கேக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

குழந்தையம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது, அதைவிடப் பெரிய பயம் வந்தது.

"செத்துப்போயிருந்தீன்னா?" என்றாள்.

கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் அவள் 'ங்க' போடாமல் 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். திரும்பிப் படுக்கக் கழுத்துக் குழாய் விடாததால், அவளைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.